ஏரம்பு எடுத்த லீவு

எங்கள் பூட்டு வாட்டின் திறப்பு, கதவுச் சாவி, நாலு வருடமாக ஒரு நோயாளியின் இடுப்பில் இருந்தது. யார் கொடுத்தது என்று கேட்டு எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. நான்தான் கொடுத்தேன். ஓகஸ்ட் இருபத்தெட்டாம் திகதி நானாகவே நிர்வாகக் கந்தோருக்குப் போய் அதைச் சொன்னேன். சொன்னதற்குப் பதிலாக வந்ததுதான் இந்தக் கடிதம். முதலாம் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதிவிட்டேன். இரண்டாம் கேள்வி, "எச்சூழ்நிலையில் வழங்கப்பட்டது" என்பது. அதற்கு மூன்று விரல் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அந்த அகலத்துக்குள் ஏரம்புவை அடக்க என்னால் முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வைத்தியசாலையின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்னொரு கடிதம் வரும். மன்னார்த் தீவுக்குள், உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்த ஒரு கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மனநோயாளருக்கு ஒரு பூட்டு வாட்டு, இருபத்தொரு கட்டில். நீதிமன்றம் அனுப்புகிறவர்களும் வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாதவர்களும் வருவார்கள். நான் றொசானா, பதினாறு வருடமாக அங்கே பொறுப்புத் தாதி. தாதியை இங்கே மிஸ் என்பார்கள். எனக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது, ஆனாலும் மிஸ்தான்.

வாட்டுக்கு இரண்டு வாசல். வெளியே இரும்புக் கேற், உள்ளே கம்பிக் கதவு. வெளிக் கேற்றில் ஒரு தனியார் கொம்பனியின் செக்கியூரிற்றி நிற்பார். கடதாசியில் அவர் இரண்டு பேர், நேரில் ஒருவர். அவர் பெயர் சரிபுதீன், உப்புக்குளத்து ஆள், என்னைவிட மூத்தவர், நானா என்று கூப்பிடுவேன். கொம்பனிச் சட்டப்படி அவர் உள்ளே வரக்கூடாது, நோயாளியைத் தொடக்கூடாது, உள்திறப்பை வைத்திருக்கக்கூடாது. சுருக்கமாகச் சொன்னால் பூட்டு வாட்டின் பாதுகாப்பு உத்தியோகத்தருக்குப் பூட்டோடு ஒரு சம்பந்தமும் இல்லை. கேற்றுக்குள் நுழையப் பார்க்கும் கழுதைகளைத் துரத்துவார். அதை நன்றாகச் செய்வார், சும்மா சொல்லக்கூடாது.

உள்திறப்பு சிற்றூழியர் கையில் இருக்கவேண்டும். நோயாளியைக் குளிக்க வார்ப்பது, சாப்பாடு கொடுப்பது, சண்டை வந்தால் நடுவில் நிற்பது எல்லாம் அவர்கள் வேலை. பன்னிரண்டு பேர் இருக்கவேண்டிய இடத்தில் எனக்கு மூன்று பேர். பகலுக்கும் இரவுக்கும் பிரித்தால் ஒரு நேரத்துக்கு ஒருவர். அந்த ஒருவர் ஒரு நோயாளியை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனால் மிச்சம் இருபது பேருக்கும் நான். ஆள் கேட்டு வருடத்துக்கு நாலு கடிதம் எழுதினேன். "தங்கள் கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று நாலு பதில் வந்தது. என்ன கவனமோ!

ஏரம்பு இலுப்பைக்கடவைக்காரர். கலியாணம் முடிக்கவில்லை. தமையன் குடும்பத்தோடு ஒரே வளவில் இருந்து வயலும் மாடும் பார்த்தவர். முப்பத்தெட்டாவது வயதில் வருத்தம் தொடங்கியது. தமையனின் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் தன்னைப் பற்றி ஊரெல்லாம் கதைத்துக்கொண்டு திரிகிறது என்று அவருக்குப் பட்டது. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தார். பிறகு அதற்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டு, தானே நடந்து போய்ப் பொலிஸில் சொன்னார். பொலிஸ் நீதிமன்றத்துக்கு அனுப்ப, நீதிமன்றம் எங்களிடம் அனுப்பியது.

மருந்துக் குளிசை அவருக்கு நன்றாகப் பிடித்தது. மூன்றாம் வருடம் நீதிமன்றம் கட்டளையை எடுத்துவிட்டது, டொக்டரும் போகலாம் என்றார். ஆனால் பொறுப்பெடுக்க உறவினர் ஒருவர் கையெழுத்து வைக்கவேண்டும். தமையன் ஒரேயொரு தரம் வந்தார். கம்பிக்கு வெளியே நின்று தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்ப புது லாண்ட்மாஸ்ரர் ஒண்டு வாங்கி விட்டிருக்கிறன் மிஸ். இவனையும் அதையும் ஒரு வளவுக்க வைச்சுக்கொண்டு எனக்கு நித்திரை கொள்ள ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் அவருக்குக் கடிதம் போட்டேன். உங்கள் தம்பி சுகமாக இருக்கிறார், வந்து கூட்டிப்போங்கள் என்று. பதில் வராது. வராவிட்டாலும் போடுவேன்.

திறப்பு ஏரம்புவிடம் போன கதை இதுதான். நாலு வருடத்துக்கு முந்திய ஒரு செவ்வாய்க்கிழமை, இருந்த ஒரு சிற்றூழியரும் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். புதிதாக வந்த நோயாளி ஒருவர் மருந்தறைக் கண்ணாடியை உடைத்துப்போட்டு, என் கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றார். என் இடுப்பில் இருந்த திறப்பு நிலத்தில் விழுந்தது. ஏரம்பு அதை எடுத்தார், கதவைத் திறந்தார், வெளிக் கேற்றடிக்கு ஓடி அங்கே இருந்த போனில் டொக்டரைக் கூப்பிட்டார். சரிபுதீன் நானா அந்த நேரம் வீதியில் கழுதைக்குப் பின்னால் நின்றார். ஏரம்பு அப்படியே நடந்து போயிருந்தால் ஒரு குஞ்சுக்கும் தெரிந்திராது. அவர் திரும்பி வந்து, உள்ளே நுழைந்து, தன்னையும் சேர்த்துப் பூட்டிவிட்டு, என் கையை முறுக்கியவரின் தோளைத் தடவி உட்காரவைத்துவிட்டுத் திறப்பை என்னிடம் நீட்டினார்.

"இது உம்மட வேலையில்லை ஏரம்பு" என்று ஏசினேன். பயம் தெளிந்தால் எனக்கு ஏச்சுத்தான் வரும்.

"ஓம் மிஸ். ஆனா ஆக்கள் இல்லைத்தானே" என்றார்.

அந்தத் திறப்பை நான் வாங்கினேனா இல்லையா என்று இப்போது சரியாக ஞாபகம் இல்லை. வாங்கியிருந்தாலும் அடுத்தநாள் திரும்பக் கொடுத்திருப்பேன். அதன்பிறகு காலை ஆறு மணிக்குக் கதவைத் திறப்பது ஏரம்பு. சாப்பாட்டு வண்டிலை உள்ளே விடுவது ஏரம்பு. ஒவ்வொருவரின் தோளையும் தொட்டுப் பெயர் சொல்லி எண்ணுவார். குளிசையை விழுங்காமல் நாக்குக்குக் கீழே வைத்திருப்பது யார் என்று தாடையைப் பார்த்தே சொல்லிவிடுவார். வாட்டில் சண்டை குறைந்தது. எங்கள் மூன்று சிற்றூழியரும் வெட்கமில்லாமல் ஏரம்புவைக் கேட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் கந்தோரால் வெளிக் கேற்றடியில் கைரேகை மெசின் பூட்டினார்கள். வேலைக்கு வரும்போதும் போகும்போதும் விரல் வைக்கவேண்டும். கந்தோர் எழுத்து வேலைக்குப் பொறுப்பான பிரதம லிகிதர் சிவராசா அண்ணை ஒரு அறிவித்தல் ஒட்டினார்: திறப்பு வைத்திருக்கும் எல்லோரும் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெளிக் கேற்றடிக்கு வந்து விரலைப் பதியவும். களஞ்சியத் திறப்பு, மருந்தறைத் திறப்பு, வாகனத் திறப்பு என்று திறப்பு இல்லாத ஊழியர் எங்களிடம் இல்லை, அதனால் அப்படி எழுதினாராம். ஏரம்பு அறிவித்தலை வாசித்தார். அவரிடம் திறப்பு இருந்தது. அவர் வரிசையில் போய் நின்றார்.

மெசின் பூட்ட வந்தவர் கொழும்பு ஆள். எங்களில் ஒருவரையும் தெரியாது. என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். கதவு திறக்கிறது, ஆட்களை எண்ணுகிறது, குளிக்க வார்க்கிறது என்று ஏரம்பு உள்ளதைச் சொல்லியிருக்கிறார். வந்தவர் அதைச் சிற்றூழியர் என்று பதிந்தார். இலக்கம் நானூற்றுப் பதினேழு.

பின்னேரம்தான் எனக்குத் தெரியவந்தது. நேரே சிவராசா அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, மெசினில எங்கட நோயாளி ஒராள் ஏறியிட்டார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெசின் சம்பளம் குடுக்கிறேல்ல றொசானா மிஸ். அது ஆக்களை எண்ணுறது மட்டும்தான். மேலிடத்திலயிருந்து புதுசா ஒரு கட்டளை வந்திருக்கு. பூட்டு வாட்டு எண்டா குறைஞ்சது நாலு சிற்றூழியர் பதிவில நிக்கவேணும். இல்லாட்டி வாட்டை மூடி, ஆக்களை வேற மாகாணத்துக்கு அனுப்பவேணுமாம். இப்ப மெசினில நாலு நிக்குது. அழிக்கச் சொல்லுறியளோ?"

அதுவரை எங்களை யாரும் எண்ணவில்லை. எண்ணத் தொடங்கிய முதல் நாளே இந்தக் கேள்வி. என் நோயாளிகளில் பாதிப்பேருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. பெரியமடுவிலிருந்து மாதம் ஒருக்கால் பஸ் ஏறி வந்து மகனைப் பார்க்கிற தாய் வேறு மாகாணத்துக்கு எப்படிப் போவா? இதையெல்லாம் யோசித்தேன். யோசித்துவிட்டு, அழிக்கவேண்டாம் என்றேன்.

அது பிழையா சரியா என்று எவ்வளவும் வாதாடலாம். ஆனால் அதற்குப் பிறகு நான் செய்ததில் வாதாட ஒன்றும் இல்லை. தமையனுக்குக் கடிதம் போடுவதை நிறுத்தினேன். ஒரு நாள் உட்கார்ந்து, இனிப் போடமாட்டேன் என்று முடிவெடுத்து நிறுத்தவில்லை. அந்த மாதம் வேலை கூட என்று விட்டேன். அடுத்த தவணை வந்தபோது மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொன்னேன். மறக்கவில்லை.

இரண்டு வருடம் ஏரம்பு நாள்தோறும் ஏழு மணிக்குச் சாப்பாட்டு வண்டிலுக்காக வெளிக் கேற் வரை போகும்போது விரல் வைத்தார். வைத்தியசாலையிலேயே ஒரு நாளும் பிந்தாத ஊழியர் என்று நானூற்றுப் பதினேழின் பெயர் கந்தோர்ப் பலகையில் முதலாவதாக நின்றது. பிந்துவதற்கு அவர் எங்கேயிருந்து வரவேண்டும்? கட்டிலில் இருந்து கதவுக்குப் பதினெட்டு அடி.

இந்த வருடம் யூன் கடைசியில் ஒரு அம்மா வெள்ளைச் சீலையோடு வந்து என் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் இருந்தா.

"நான் பூமணி. ஏரம்புவின்ர அண்ணி. இவர் மோசம் போயிட்டார் மிஸ். முப்பத்தொண்டுச் சடங்கும் முடிஞ்சுது."

ஏரம்புவின் தமையன் இறந்துவிட்டார். நான் அனுதாபம் சொன்னேன். அவ தலையை ஆட்டிவிட்டு விஷயத்துக்கு வந்தா.

"யூலைக் கடைசியில நான் வவுனியாவுக்கு மகளிட்டப் போயிடுவன். அவளுக்குப் பிள்ளைப்பேறு, பேந்து நான் அங்கதான். அதுக்குள்ள இவன் வந்தா வீட்டையும் ஆறு மாட்டையும் கையில குடுத்திட்டுப் போவன். நான் சைன் வைக்கிறன். வராட்டி மாட்டை வித்துப்போட்டு வீட்டை என்ர தம்பிக்குக் குடுக்கிறதுதான். என்ர தம்பி இவனைப் படலைக்குள்ளயும் விடமாட்டான். சொல்லிப்போட்டன்."

"ஒண்டும் யோசியாதேங்கோ அம்மா. அதுக்கு முதல் அனுப்பிவிடுறன்" என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

எழும்பிப் போக வெளிக்கிட்டவ கதவடியில் நின்றா.

"ஒண்டு கேக்கவேணும். முந்தி மூண்டு மாசத்துக்கொருக்கா கடிதம் போடுவியள். பேந்து ஏன் போடேல்ல? இவர் ஒவ்வொண்டையும் வாசிச்சுப்போட்டுத் தலைகணிக்குக் கீழ வைப்பார். கோபம் ஆறிக்கொண்டு வந்தது மிஸ். அடுத்த கடிதம் வந்தா போய்க் கூட்டிக்கொண்டு வருவம் எண்டவர். தபால்காரனை றோட்டில மறிச்சு மறிச்சுக் கேட்டவர்."

"தபாலில துலைஞ்சிருக்கும்" என்றேன். ஐயோ மாதாவே, பதினாறு வருட சேவையில் அதைவிட அசிங்கமாக நான் ஒன்றும் சொன்னதில்லை.

யூலை மூன்றாம் திகதி டொக்டர் ஏரம்புவின் விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தார். அதை நான் கந்தோருக்குக் கொடுக்கவேண்டும். கொடுத்தால் மெசினில் இருந்து பெயர் போகும், மூன்று சிற்றூழியர்தான் நிற்பார்கள். ஓகஸ்ட் இருபதாம் திகதி மேலிடத்திலிருந்து வாட்டைப் பரிசோதிக்க வருகிறார்கள். மூன்றைக் கண்டால் மூடுவார்கள். இருபதுக்குப் பிறகு என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை, ஆனால் பூமணி அம்மாவின் தவணை முப்பத்தோராம் திகதி. நான் பத்திரத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். ஏரம்புவிடம், பேப்பர் வேலை நடக்கிறது, அடுத்த கிழமை போகலாம் என்றேன்.

அவர் அன்றைக்கே உடுப்பைப் பையில் கட்டினார். அடுத்த கிழமை வந்தது. இன்னொரு கிழமை என்றேன். பையை அவிழ்த்தார், அடுத்த கிழமை திரும்பக் கட்டினார். மூன்று தரமும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன், எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மூன்றாம் தரம் "மாட்டுக்கு வைக்கல் அண்ணி வாங்கி வைச்சிருப்பாவோ தெரியாது" என்று மட்டும் சொன்னார். என்னிடம்கூட இல்லை, கம்பியைப் பார்த்து.

இருபத்துநாலாம் திகதி காலை நான் வேலைக்கு வரும்போது சரிபுதீன் நானா கேற்றைத் திறக்கவில்லை. கேற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசினார்.

"மிஸ், அவன் இண்டைக்கும் பையைக் கட்டிக்கொண்டு கம்பியடியில நிக்கிறான். எனக்குப் பாத்துக்கொண்டு நிக்க ஏலாது. ஒண்டில் விடுங்கோ, இல்லாட்டி விடமாட்டன் எண்டு முகத்துக்கு நேர சொல்லுங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நானா, உங்கட வேலை வெளிக் கேற். உள்ளுக்க நடக்கிறது உங்களுக்கு என்னத்துக்கு?"

"ஓம், எனக்கு என்னத்துக்கு! நான் கொம்பனிக்காரன், ஒரு நாள் வராட்டி வேற ஆளைப் போட்டிடுவாங்கள். எனக்கு லீவே கிடையாது. அவனெண்டா உங்கட மெசினில பெரிய உத்தியோகத்தன். ரெண்டு வருசமா ஒரு நாள் லீவு எடுக்கேல்ல. வீட்டதான் விடமாட்டியள், அந்த லீவையாவது குடுங்கோவன். அல்லாவுக்குப் பொதுவா சொல்லுங்கோ மிஸ், இது ஞாயமோ?"

நக்கலுக்குத்தான் சொன்னார். ஆனால் லீவு என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. பிறகு "நானா, கேற்றைத் திறவுங்கோ" என்றேன். திறந்ததும் வாட்டுக்குப் போகவில்லை, கந்தோருக்குப் போனேன்.

"சிவராசா அண்ணை, லீவில நிக்கிற ஆள் எண்ணிக்கையில நிப்பாரோ?"

"நிப்பார். வேலையை விட்ட ஆள்தான் நிக்கமாட்டார்."

"அப்ப நானூற்றுப் பதினேழுக்கு ஒரு லீவுப் படிவம் தாங்கோ. முப்பது நாள்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவருக்கு நிறைய லீவு கிடக்கு" என்று சொல்லிப் படிவத்தை எடுத்துத் தந்தார்.

"அண்ணை, அவர் நோயாளி எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"எனக்கு ஆக்களைத் தெரியாது றொசானா மிஸ். இலக்கத்தைத்தான் தெரியும்" என்றார்.

ஏரம்பு என் மேசையில் இருந்து படிவத்தை நிரப்பினார். லீவில் இருக்கும்போது முகவரி என்ற இடத்தில் வளவின் பெயர், ஒழுங்கை, இலுப்பைக்கடவை எல்லாம் வடிவாக எழுதினார். காரணம் என்ற இடத்தில் "மாடு" என்று எழுதினார். பதில் கடமை பார்ப்பவர் என்று ஒரு இடம் இருந்தது, லீவில் போகிறவரின் வேலையைச் செய்ய ஒருவர் கையெழுத்து வைக்கவேண்டும். மூன்று சிற்றூழியரும் முகட்டைப் பார்த்தார்கள். நான் வைத்தேன்.

"கடமைக்குத் திரும்பும் திகதி?" என்று ஏரம்பு கேட்டார்.

"ஓகஸ்ட் இருபத்தெட்டு" என்றேன்.

"இருபத்தெட்டு காலமை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும், இது சும்மா பேப்பருக்கு, நீர் போனால் போனதுதான், திரும்பி வரத் தேவையில்லை என்று. சொன்னால் லாச்சிக்குள் இருக்கிற பத்திரத்தைப் பற்றியும் சொல்லவேண்டிவரும். அவருக்கு விளங்கியிருக்கும் என்று நினைத்தேன். ஏரம்பு எழுதியிருப்பதை எழுதியபடியே செய்கிற ஆள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அப்படி நினைத்தேன்.

பூமணி அம்மா இருபத்தொன்பதாம் திகதி வந்து கையெழுத்து வைத்துக் கூட்டிப்போனா. நோயாளிப் பதிவேட்டில் "வீட்டுக்குப் போயுள்ளார்" என்று எழுதினேன். எழுதியதில் பொய் இல்லை. ஏரம்பு திறப்பை என் கையில் வைத்துவிட்டு, பதினாலாம் கட்டில்காரருக்குத் தண்ணீரைக் காலில் இருந்து தொடங்கி வார்க்கவேண்டும், தலையில் வார்த்தால் பயப்படுவார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முப்பது நாளும் அவர் வேலையை நான் செய்தேன். முதல் நாள் ஆறு பேர் குளிக்கவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் சாப்பாட்டுக் கோப்பையை என் தலைக்கு எறிந்தார், குறி தப்பவில்லை. ஓகஸ்ட் பதினைந்து மடுத் திருவிழாவுக்கு என் வீட்டார் முழுப்பேரும் போய்க் கூடாரம் அடித்து இருந்தார்கள். நான் வாட்டில் முழங்கால் வலியோடு எண்ணிக்கொண்டு நின்றேன்.

இருபதாம் திகதி பரிசோதனைக்கு இரண்டு பேர் வந்தார்கள். மெசினில் நாலு பேர் நின்றார்கள், ஒருவர் லீவு. திருப்தி என்று எழுதினார்கள். போகும்போது ஒருவர், இந்த ஏரம்பு எப்படியான ஊழியர் என்று கேட்டார்.

"இரண்டு வருசத்தில ஒரு நாளும் பிந்தினதில்லை சேர்" என்றேன்.

"இப்படியானவர்களை நாங்கள் ஊக்குவிக்கவேண்டும்" என்றார். ஓம் என்று தலையாட்டினேன்.

இருபத்தெட்டாம் திகதி காலை ஏழு மணிக்கு சரிபுதீன் நானா கம்பிக் கதவடிவரை வந்தார். சட்டப்படி அவர் அவ்வளவு தூரம் வரக்கூடாது.

"மிஸ், வாங்கோ. ஏரம்பு வந்து நிக்கிறான்."

அவர் வெளிக் கேற்றடி வாங்கில் இருந்தார். வெள்ளைச் சேட்டு, முகம் கொஞ்சம் கறுத்திருந்தது, வெயிலில் நின்று உடம்பு இறுகியிருந்தது. பக்கத்தில் அதே பை, வாட்டு ஆக்களுக்கு என்று ஒரு முட்டி தயிர். விரல்கூட வைத்துவிட்டார்.

"லீவு முடிஞ்சுது மிஸ்" என்றார். "விடியக்காலமை யாழ்ப்பாணத்திலயிருந்து வாற பஸ்ஸில ஏறினனான். மாட்டைப் பக்கத்து வீட்டாக்கள் இண்டைக்கு மட்டும் பாப்பினம். நாளைக்கு என்ன செய்யிறதெண்டுதான் தெரியேல்ல."

சந்தோஷமாக வந்த ஆள் இல்லை. ஆறு மாட்டையும் வீட்டையும் விட்டுவிட்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு, சிறைக்குத் திரும்புகிறவர்போல வந்திருந்தார். வரச்சொல்லி எழுதியிருந்தது, வந்தார். நான் உள்ளே போய் லாச்சியைத் திறந்து, விடுவிப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை முழுக்க வாசித்தார். பிறகு திகதியை இன்னொருக்கால் பார்த்தார்.

"இது யூலை மூண்டாம் திகதி."

"ஓம்."

"அப்ப நான் அண்டைக்கே போயிருக்கலாம்."

"ஓம் ஏரம்பு. உமக்கு லீவும் இல்லை, வேலையும் இல்லை. நீர் இனி இங்க வரத் தேவையில்லை. அண்டைக்கே சொல்லியிருக்கவேணும், நான் சொல்லேல்ல."

அவர் பத்திரத்தை நாலாக மடித்தார். "அண்ணி சொன்னவ, அண்ணருக்கு ரெண்டு வருசமாக் கடிதம் வரேல்லையாம். தபாலில துலைஞ்சதெண்டு நீங்கள் சொன்னனீங்களாம்."

சரிபுதீன் நானா கழுதை ஒன்றும் இல்லாத வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னேன்.

"துலையேல்ல. நான் எழுதேல்ல. எழுதினா உங்கட அண்ணர் வந்து கூட்டிக்கொண்டு போயிடுவார் எண்டு பயம். நீங்கள் போனா எங்களுக்கு வேலைக்கு ஆளில்லை."

ஏசுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கியிருப்பேன், அன்றைக்கு எனக்கு அது வேண்டியும் இருந்தது. அவர் தயிர் முட்டியை எடுத்து நானாவின் மேசையில் வைத்துவிட்டு வந்து, பையைத் தோளில் போட்டார். உண்மையாகவே விளங்காத ஆள்போல என்னைப் பார்த்தார்.

"இதை என்னட்டச் சொல்லியிருக்கலாமே மிஸ்" என்றார். "நான் வீட்டயிருந்து பஸ்ஸில வந்து செய்திருப்பன்."

பிறகு, எட்டு மணி பஸ்ஸை விட்டால் மாட்டுக்குத் தண்ணி வைக்க நேரம் போய்விடும் என்று சொல்லிவிட்டு நடந்தார்.